கவுன்சிலர் நிதியில் உங்கள் தெருவுக்கு ஒரு வேலை வாங்குவது எப்படி?

சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகளிலும் கவுன்சிலருக்கென்று ஆண்டுதோறும் வார்டு மேம்பாட்டு நிதி உண்டு. நடைபாதை, பூங்கா விளக்கு மாதிரி சின்ன வேலைகளுக்கு அது போதும். ஆனால் ‘அடிப்படை வசதி செய்து தர வேண்டுகிறோம்’ என்று எழுதிக் கொடுத்தால் ஃபைலில் தூங்கும். உதவிப் பொறியாளர் கையில் வாங்கியதுமே எஸ்டிமேட் போட முடிகிற மனுதான் நகரும்.

முதலில் புகாரையும் வேலையையும் பிரியுங்கள். விளக்கு எரியவில்லையா? மாநகராட்சியின் புகார் எண் 1913-க்கு போன் செய்து கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைச் சொல்லுங்கள், முடிந்தது. கம்பமே புதிதாக வேண்டும் என்றால்தான் மனு.

அடுத்து, இடம் யாருடையது? பல மனுக்கள் இங்கேதான் சாகின்றன. பாதாளச் சாக்கடை மூடி குடிநீர் வாரியத்துடையது, பில்லர் பாக்ஸ் (தெருவோர மின் பெட்டி) மின்வாரியத்துடையது, பெரிய ரோடுகள் சில நெடுஞ்சாலைத் துறையுடையவை. காலி மனையில் பூங்கா கேட்கிறீர்களா? அந்த ஓ.எஸ்.ஆர். நிலம் (மனைப்பிரிவு போடும்போது பொதுப் பயன்பாட்டுக்கென்று ஒதுக்கிய திறந்தவெளி) தானப் பத்திரமாக மாநகராட்சிக்கு வந்துவிட்டதா என்று மண்டல அலுவலகத்தில் கேளுங்கள். வராவிட்டால் ஒரு செங்கல்கூட வைக்க முடியாது.

இப்போது டேப். 30 மீட்டர் டேப்பும் இரண்டு பேரும் போதும். மனுவில் இப்படி இருக்கட்டும்: ‘பால் பூத் முதல் பஸ் ஸ்டாப் வரை நீளம் 62 மீ, அகலம் 1.5 மீ. 18-வது மீட்டரில் பில்லர் பாக்ஸ், 40-வது மீட்டரில் தூங்குமூஞ்சி மரம்.’ டேப் தெரிகிற மாதிரி போட்டோவும் எடுங்கள். ரோடு கேட்டால் ‘மில்லிங் செய்து’ என்ற வார்த்தையை விட்டுவிடாதீர்கள். பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டால் ரோடு உயரும், ஐப்பசி மழைக்குத் தண்ணீர் வீட்டுக்குள் வரும்.

எந்த வேலை என்று தெருவே முடிவு செய்யட்டும். வாட்ஸ்அப் ஓட்டு வேண்டாம், அதில் அபார்ட்மெண்ட் குரல் மட்டும்தான் கேட்கும். பால் பூத் வாசலில் சார்ட் பேப்பர் ஒட்டி, மூன்றே வேலைகளை எழுதி, ஆளுக்கு இரண்டு ஸ்டிக்கர் பொட்டு கொடுங்கள். குடித்தனக்காரர், பூக்காரம்மா எல்லோருக்கும்தான்.

ஜெயித்த வேலையைப் பகுதி சபைக் கூட்டத்தில், அதாவது வார்டின் ஒவ்வொரு பகுதிக்கும் நடக்கும் மக்கள் கூட்டத்தில், வையுங்கள். தேதியை வார்டு அலுவலகத்தில் விடாமல் கேட்க வேண்டியிருக்கும். சத்தமாகப் பேசினால் போதாது, தீர்மானமாகப் பதிவாக வேண்டும். மனுவின் நகலில் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

ஏப்ரல், மே நல்ல நேரம். மழைக்காலம் வந்தால் தோண்டும் வேலை நின்றுவிடும். நிதி போதாது என்றால் ‘நமக்கு நாமே’ திட்டம் இருக்கிறது: மூன்றில் ஒரு பங்கு நம்முடையது, 6 லட்சம் வேலைக்கு 2 லட்சம்.

வேலை முடிந்ததும் அதே டேப்பை மறுபடி பிடியுங்கள். சந்தேகம் வந்தால் 10 ரூபாய் கட்டணத்தில் ஆர்.டி.ஐ. (தகவல் உரிமை மனு) போட்டு எஸ்டிமேட், எம்-புக் (செய்த வேலையின் அளவைப் பொறியாளர் பதியும் புத்தகம்) இரண்டின் நகலும் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். எம்-புக்கில் 62 மீட்டர், தரையில் 50 என்றால், பேச வேண்டியது அந்த 12 மீட்டரைப் பற்றி மட்டும்தான்.