ஊருக்குப் போறப்ப கார் ரிமோட் வாங்கிட்டு வரச் சொன்னா என்ன பண்றது

டிக்கெட் போட்டாச்சுன்னு சொன்ன உடனே வர்ற லிஸ்ட்ல கார் ரிமோட் இருந்தா அங்கயே முடியாதுன்னு சொல்லிடுங்க. "கீலெஸ் (சாவி போடாம கதவு திறக்குற ரிமோட்) வேலை செய்யல, அதே கம்பெனி அதே மாடல் அங்க கிடைக்கும்ல"ன்னு சித்தப்பா கேட்டப்ப எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். ரிமோட் பேசுற அலைவரிசை நாட்டுக்கு நாடு மாறும்: வட அமெரிக்கா, ஜப்பான் வண்டி ரிமோட் நிறைய 315 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவுலயும் வேற பல நாட்டுலயும் 433.92. கூடு, பட்டன், லோகோ எல்லாம் அச்சு அசலா இருக்கும், ஆனா வண்டி திரும்பிக்கூடப் பாக்காது. பொருந்தினாலும், பழைய ரிமோட்னா வேற வண்டிக்குப் பதிஞ்ச சிப்பா இருக்கும், பல மாடல்ல அத மாத்த முடியாது. இதெல்லாம் சொன்னா "வெளிநாடு போனதும் மனசு சுருங்கிடுச்சு"ன்னு பேரு. சரின்னு வாங்கிட்டுப் போனேன், வேலை செய்யல, லீவு முழுக்க அதே பேச்சுதான்.

அடுத்தது சர்வீஸ் சென்டர். புது சாவி பதிய உரிமையாளர் அடையாள அட்டையும் வண்டிப் பேப்பரும் கேக்குறாங்க, திருட்டுப் பயம், நியாயம்தான். ஆனா வண்டி சித்தப்பா பையன் பேர்ல, அவனும் என்னை மாதிரியே வெளிய இருக்கான். ஒருத்தர் கையெழுத்துப் போட்ட கடிதம் போதும்னாரு, உள்ள இருந்து வந்த இன்னொருத்தர் ஆளே நேர்ல வரணும்னாரு, அவன் இங்க இருந்தா நான் ஏன் சார் வந்து நிக்கிறேன்னு கேட்டா, முகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. கிளம்பும் முன்னாடியே வண்டி யார் பேர்லன்னு கேட்டு அனுமதிக் கடிதம் வாங்கி வச்சிக்கங்க. வீட்ல இருக்குற எல்லா சாவியையும் எடுத்துட்டுப் போங்க, சில மாடல்ல புதுசு பதியுறப்ப கூட இல்லாத சாவி செல்லாமப் போயிடும்.

இவ்வளவு அலைச்சலுக்கு அப்புறம் பழைய ரிமோட்டப் பிரிச்சா உள்ள இருந்த பட்டன் பேட்டரி சிஆர்2025. அதுக்கு வேண்டியது சிஆர்2032. ரெண்டும் 3 வோல்ட், ரெண்டும் 20 மில்லிமீட்டர் வட்டம், ஆனா முன்னது 2.5 மில்லிமீட்டர் தடிமன், பின்னது 3.2. அந்தத் துளி இடைவெளியில தகட்டு நாக்கு பேட்டரியத் தொடாம நின்னுச்சு. பேட்டரி அடிக்கடி தீருதுன்னு சித்தப்பா கிடைச்சதப் போட்டிருக்காரு. ஏன் தீருதுன்னா, சாவிய போர்ட்டிகோ பக்கத்து ஆணியில, வண்டிக்கு ஒட்டினாப்ல மாட்டி வச்சிருந்தாரு, ஸ்மார்ட் கீ அவ்வளவு கிட்ட இருந்தா வண்டி கூப்பிடக் கூப்பிட பதில் சொல்லிட்டே கிடக்கும். ஏன் அங்க மாட்டினீங்கன்னா, "நீங்க யாராவது வந்தா உடனே எடுத்துட்டுப் போலாம்ல". நாங்க வந்தாதானே. அதுக்கப்புறம் அவர்கிட்ட சத்தம் போட மனசு வரல.

அதனால முதல்ல ரெண்டாவது சாவிய அமுக்கிப் பாருங்க. அதுவும் திறக்கலன்னா பெரும்பாலும் கோளாறு வண்டிப் பக்கம், மாசக்கணக்கா ஓட்டாத வண்டின்னா 12 வோல்ட் பேட்டரியே படுத்திருக்கும். ஒண்ணு மட்டும் செத்திருந்தா பேட்டரி, தகடு, பட்டன் ரப்பர்னு பாத்துட்டே வாங்க. பேட்டரி மாத்தியும் திறக்கலன்னா ரிமோட்டும் வண்டியும் கணக்கு தவறியிருக்கலாம், மறுபடி சேத்து வைக்கிற முறை அந்த வண்டி மேனுவல்ல இருக்கும். அவசரத்துக்கு ரிமோட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்குற இரும்புச் சாவியால கதவத் திறந்து, ரிமோட்ட ஸ்டார்ட் பட்டன் மேலயே வச்சு அமுக்குங்க, பல வண்டியில பேட்டரி செத்தாலும் எஞ்சின் எடுக்கும். சிலதுல வைக்கிற இடம் வேற.

எதாவது கொண்டு போயே ஆகணும்னா உறை பிரிக்காத சிஆர்2032 ஒரு அட்டை போதும். கைப்பையில வைங்க, உதிரி லித்தியம் பேட்டரிய செக்-இன் பெட்டியில விடமாட்டாங்க.