எம்ஜிபி காருக்கு நிறம் முடிவு செய்யும் முன்

1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி (MGB) என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரைப் புதுப்பிக்கிறீர்களா? முதலில் அதன் அசல் நிறத்தைத் தேடுங்கள். கதவின் உட்பக்க அட்டையைக் கழற்றினாலோ, டேஷ்போர்டுக்குப் பின்னால் டார்ச் அடித்தாலோ பழைய பெயின்ட் மிச்சமிருப்பது பெரும்பாலும் தெரியும். இங்கிலாந்தின் கேடனிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம், கட்டணம் வாங்கிக்கொண்டு உற்பத்திப் பதிவேட்டைப் பார்த்து அசல் நிறத்தைக் குறிப்பிடும் சான்றிதழும் தருகிறது.

அப்புறம், பெயின்ட்டுக்கு முன்னால் சீட் தோலை வாங்கிவிடுங்கள். தோல் குறிப்பிட்ட சில நிறங்களில்தான் கிடைக்கும். பெயின்ட்டை எந்தச் சாயலுக்கும் கலக்கலாம். கலந்ததை ஒரு தகரத்தில் அடித்து, பகல் வெளிச்சத்தில் தோலோடு சேர்த்துப் பாருங்கள். ஓல்ட் இங்கிலீஷ் வைட் என்ற பெயின்ட்டின் பெயரை நம்பி வெள்ளை என்று நினைத்துவிடாதீர்கள், அது கிரீம் நிறம். சிவப்பு சீட்டோடு அவ்வளவு அழகாக இருக்கும்!