இமாட்டினிப் சாப்பிடுபவர் வீட்டில் இருந்தால்: பக்கவிளைவுகளைச் சமாளிக்கும் முறை

அம்மாவுக்கு சிஎம்எல் என்கிற ரத்தப் புற்றுநோய். தினமும் 400 மில்லிகிராம் இமாட்டினிப். எவ்வளவு சாப்பிடுவது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் டாக்டர் வேலை. நான் எழுதுவது தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுச் சமையலறைப் பக்கத்துக் கதை மட்டும்.

இந்த மாத்திரை, ரத்த அணுக்களைக் கட்டுக்கடங்காமல் பெருகச் சொல்லும் பிசிஆர்-ஏபிஎல் என்ற புரதத்தை அடைக்கிறது. கூடவே, நல்ல செல்களுக்கு வேண்டிய வேறு சில புரதங்களையும் தட்டிவிடுகிறது. கண் வீங்குவதும் தோல் வெளுப்பதும் அதனால்தான்.

முதலில் வயிறு. வெறும் வயிற்றில் வேண்டவே வேண்டாம். அம்மா காலைக் காபியோடு போட்டுப் பார்த்தார், முதல் வாரம் முழுக்க வாந்தி. இப்போது மதியச் சாப்பாடு முடிந்த கையோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீருடன். போட்டவுடன் படுக்கக் கூடாது. விழுங்க முடியாதவர்கள் 400 மில்லிகிராம் மாத்திரையை 200 மில்லி தண்ணீரில் போட்டுக் கரண்டியால் கலக்கி, கரைந்ததும் குடித்துவிடலாம். வாந்தியில் மாத்திரை வந்துவிட்டால் அன்றைக்கு இன்னொன்று போடக் கூடாது, மறுநாள் வழக்கமான நேரத்துக்குத்தான்.

அடுத்தது எடை. நான் கோட்டை விட்ட இடம் இது. இரண்டாம் மாதம் அம்மாவின் கன்னம் உப்பியது. "உடம்பு தேறிட்டாங்க, கலராவும் ஆயிட்டாங்க" என்றார் எதிர்வீட்டு அக்கா. எங்களுக்கும் சந்தோஷம். காசிமேட்டில் நெத்திலிக் கருவாடு வாங்கி, வாரத்தில் மூன்று நாள் குழம்பு. அடுத்த செக்கப்பில் எடை 4 கிலோ கூடியிருந்தது. டாக்டர் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது. தேறியது உடம்பு இல்லை, நீர்! கலர் ஆனதும் மாத்திரை வேலைதான். நீர் பிரிய மாத்திரை தந்தார், உப்பைக் குறைக்கச் சொன்னார். கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் வீட்டை விட்டுப் போயின. கருவாட்டுக்குத்தான் அம்மா இன்னும் சண்டை போடுகிறார்.

அதனால் தினமும் காலையில், பாத்ரூம் போய் வந்து, காபிக்கு முன்னால் எடை பாருங்கள். ஒரே மெஷின், டைல்ஸ் தரை, பாய் மேல் வைக்காதீர்கள். மொபைல் ஆப் எனக்குச் சரிப்படவில்லை. தினசரி காலண்டரில் அன்றைய தாளிலேயே எழுதி, கிழித்ததைக் கிளிப்பில் கோத்து வைக்கிறேன். டாக்டரிடம் அந்தக் கட்டையே நீட்டிவிடலாம். காலையில் கண் இமை மட்டும் வீங்கி மதியத்துக்குள் வடிந்தால் பெரும்பாலும் பயமில்லை, செக்கப்பில் சொன்னால் போதும். சில நாட்களில் எடை மடமடவென்று ஏறினாலோ மூச்சு வாங்கினாலோ அன்றே போன் செய்யுங்கள்.

இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். காலை நீட்டி, பாதத்தை முட்டிப் பக்கம் மடக்கிப் பிடித்தால் விடும். அடிக்கடி வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

காய்ச்சல் வந்தால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். 100.4 டிகிரியைத் தொட்டால் முதலில் ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள், வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கலாம். பாராசிட்டமால்கூட அவர்கள் சொன்ன அளவில்தான். கஷாயம், லேகியம், சொந்தக்காரர் கொண்டுவரும் பொடி எதுவும் டாக்டரிடம் காட்டாமல் வாய்க்குள் போகக் கூடாது.

பின்சேர்க்கை: கிரேப்ஃப்ரூட் கூடாது என்று நான் முன்பு எழுதியதைப் படித்து, ஒருவர் தன் அப்பாவுக்குத் திராட்சையை நிறுத்திவிட்டாராம். ஐயோ, அது வேறு பழம்! கிரேப்ஃப்ரூட் என்பது சாத்துக்குடியைவிடப் பெரிய எலுமிச்சைக் குடும்பப் பழம். ரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடும். நம் ஊர் பம்பளிமாஸ் அதற்கு நெருங்கிய உறவு, அதனால் நாங்கள் அதையும் வாங்குவதில்லை. திராட்சையைத் தாராளமாகக் கொடுங்கள்.