பழகி முடிஞ்ச உறவ வச்சு மிரட்டுறாங்களா? மொத நாள்ல இருந்து என்ன செய்யணும்

கல்யாணம் ஆனதுக்கு அப்புறம் இன்னொருத்தரோட பழக்கம் ஆகி, அது முடிஞ்சும் போயி, இப்ப அதே ஆளு "காசு அனுப்பு, இல்லன்னா உன் வீட்டுக்காரருக்கு போட்டோ போயிரும்"னு மெசேஜ் போடுறாருன்னா இத கடைசி வரைக்கும் படிங்க. ஆம்பளைய ஒரு பொம்பள மிரட்டுனாலும் வழி இதேதான், சட்டம் எங்க மாறுதோ அங்க சொல்றேன். நான் வக்கீல் இல்ல, திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில செக்கிங்ல இருக்கேன், கூட வேலை பாத்த ஒரு பொண்ணுக்காக ஸ்டேஷன், வக்கீல் ஆபீஸ்னு எட்டு மாசம் அலைஞ்சேன், அப்ப கத்துக்கிட்டத அவ சம்மதத்தோட எழுதுறேன். பேப்பர்ல கள்ளக்காதல்னு தலைப்பு போடுறாங்களே, அந்த வார்த்தைக்கு பயந்தே அவ பதினாலு மாசம் வாயத் தொறக்கல.

மொத வேலை, போன தொடறதுக்கு முன்னாடி, ஒரே ஒரு ஆள்கிட்ட சொல்லுங்க. அக்காவோ, அத்தை பொண்ணோ, பழைய டீச்சரோ, வக்கீலோ, யாரா இருந்தாலும் சரி, திட்டாம கேக்குற ஆளா இருந்தா போதும். ஏன்னா மிரட்டுற ஆளு அடிக்கடி ஒரு கேள்வி கேப்பாரு, "இத யார்கிட்டயாவது சொன்னியா?" அப்படின்னு, பாசத்துல கேக்குற மாதிரி இருக்கும், ஆனா ரகசியம் இன்னும் தன் கைக்குள்ளதான் இருக்கான்னு செக் பண்ணிக்கிறாரு, அவ்வளவுதான். எங்க பொண்ணு ஒவ்வொரு தடவையும் "இல்ல, சத்தியமா யாருக்கும் தெரியாது"ன்னு சொல்லி சொல்லி அவருக்கு தைரியத்த குடுத்துக்கிட்டே இருந்திருக்கா. நீங்க சொல்லிட்டீங்கன்னா அத அவருக்கு காட்டிக்காதீங்க. தெரிஞ்ச நிமிஷமே அவரு எல்லா மெசேஜையும் அழிச்சிருவாரு.

காசு குடுக்காதீங்க. குடுத்துட்டு இருந்தீங்கன்னா இன்னையோட நிறுத்துங்க. மொதல்ல அஞ்சாயிரம், அப்புறம் பத்தாயிரம், அப்புறம் மோதிரத்த அடகு வச்சு இருபத்தஞ்சு, ஒவ்வொரு தடவையும் "இதான் கடைசி, அழிச்சிட்டேன்"னுதான் சொன்னாரு. காசு கைக்கு போறப்ப அவருக்கு ரெண்டு விஷயம் தெரிஞ்சு போகுது, ஒண்ணு உங்களால பணம் பொரட்ட முடியும், இன்னொண்ணு வீட்டுல இன்னும் தெரியாது. அதனால அடுத்த தடவை கேக்குற தொகை ஏறத்தான் செய்யும். போட்டோவுக்கு எத்தன காப்பி இருக்குன்னு யாராலயும் எண்ண முடியாது, அதுனால அழிச்சிட்டேன்ங்கிற வார்த்தைக்கு விலையே கெடையாது.

அதவிட ஆபத்தான ஒண்ணு இருக்கு. "கடைசியா ஒரு தடவை நேர்ல வா, உன் கண்ணு முன்னாடியே டெலீட் பண்றேன்." போகாதீங்க. லாட்ஜுக்கும் வேணாம், பேக்கரிக்கும் வேணாம், பஸ் ஸ்டாண்டுல பத்து நிமிஷம்னாலும் வேணாம். இதுல எத்தன பேரு புதுசா இன்னொரு வீடியோவுல மாட்டிக்கிட்டு வந்திருக்காங்கன்னு எங்க பொண்ணோட கேஸ பாத்த வக்கீலம்மா சொன்னப்ப எனக்கு கை நடுங்குச்சு.

சரி, இப்ப ஆதாரம். எல்லாரும் பண்ற தப்பு என்னன்னா கோவத்துல நாலு வார்த்தை திட்டிட்டு பிளாக் பண்ணிட்டு சாட்டையும் அழிச்சிட்டு அழுதுட்டு படுத்துக்கிறது. பிளாக் பண்றது அப்புறம். மொதல்ல மிரட்டல் மெசேஜ் எல்லாத்தையும் நம்பரும் தேதியும் நேரமும் தெரியுற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்க, வாட்ஸ்அப்ல சாட் எக்ஸ்போர்ட்னு ஒண்ணு இருக்கு அதையும் பண்ணி நம்புற ஆளோட மெயிலுக்கு அனுப்பி வைங்க. தானா மறையுற மெசேஜ் ஆன்ல இருந்தா அது மறையுறதுக்குள்ள எடுக்கணும். ஒரே தடவை பாக்குற மாதிரி போட்டோ அனுப்புனா ஸ்கிரீன்ஷாட் விழாது, இன்னொரு போன பக்கத்துல ரெடியா வச்சு அதுல படம் புடிங்க. டெலிகிராம்ல அந்தப்பக்கம் இருக்குற ஆளே ரெண்டு பேருக்கும் சேத்து மொத்த சாட்டையும் அழிக்க முடியும், அதுனால அங்க தாமதமே கூடாது. இன்ஸ்டால பேர மாத்திக்கிட்டே இருப்பாங்க, ப்ரொஃபைல் லிங்க்க எழுதி வச்சுக்கங்க. பணம் போன ஜிபே, போன்பே விவரத்துல யுடிஆர் நம்பர் (ஒவ்வொரு பண அனுப்புதலுக்கும் உள்ள அடையாள எண்) இருக்கும், பேங்க் ஸ்டேட்மென்ட்டும் எடுங்க. அடகு ரசீத தூக்கி போடாதீங்க. இது எல்லாத்தையும் ஒரு நோட்டுல தேதி வாரியா எழுதுங்க, எந்த தேதி எவ்வளவு கேட்டாரு, எவ்வளவு போச்சு, என்ன வார்த்தை சொன்னாருன்னு. பின்னாடி ஸ்டேஷன்ல பதட்டத்துல ஒண்ணுமே ஞாபகம் வராது, அந்த நோட்டுதான் கை குடுக்கும்.

அதுக்கப்புறம் ஒரே ஒரு மெசேஜ் மட்டும் அனுப்புங்க, அழாம, கெஞ்சாம, திட்டாம. "என் படத்த யாருக்கும் அனுப்ப நான் சம்மதிக்கல. இனி என்ன தொடர்பு கொள்ள வேண்டாம்." இத அனுப்புறது அவரு திருந்துவாருன்னு இல்ல, நீங்க சம்மதிக்கலங்கறது எழுத்துல இருக்கணும். அதோட பேச்ச நிறுத்திருங்க.

அவரு உள்ள வந்துருக்குற வாசல எல்லாம் சாத்தணும். வாட்ஸ்அப்ல லிங்க்டு டிவைசஸ் போயி பாருங்க, தெரியாத கம்ப்யூட்டர் ஏதாவது இருந்தா மொதல்ல ஸ்கிரீன்ஷாட், அப்புறம் லாக்அவுட். கூகுள் அக்கவுன்ட்ல எந்தெந்த போன்ல லாகின் இருக்குன்னு காட்டும், ரெக்கவரி நம்பர் யாருதுன்னு பாருங்க, போட்டோஸ் ஷேரிங், மேப்ஸ்ல லொக்கேஷன் ஷேரிங் ரெண்டும் பாருங்க. எங்க பொண்ணு விஷயத்துல ரகசியமா பேசறதுக்குன்னு அவரு வாங்கி குடுத்த சிம்மு அவரு பேர்லயே இருந்துச்சு, அந்த நம்பர்லதான் அவளோட மெயிலே ஓபன் ஆயிருந்துச்சு! அவரு நெனச்சா டூப்ளிகேட் சிம் வாங்கி மெயில புடிச்சிருக்கலாம். பரிசா குடுத்த போன் இருந்தா அதுவும் இதே கணக்குதான்.

போட்டோ, வீடியோவத்தான் ஆயுதமா வச்சிருக்காருன்னா ஸ்டாப்என்சிஐஐ டாட் ஓஆர்ஜின்னு ஒரு சைட் இருக்கு, பிரிட்டன்ல இருந்து 2021 டிசம்பர்ல ஆரம்பிச்சது, காசு கெடையாது. படத்த அங்க அப்லோட் பண்ண வேண்டியதில்ல, உங்க போன்லயே அந்த படத்துக்கு ஒரு எண் கைரேகை மாதிரி உருவாக்கி அத மட்டும் ஃபேஸ்புக், இன்ஸ்டா, டிக்டாக், ரெட்டிட் மாதிரி சேர்ந்திருக்குற கம்பெனிகளுக்கு குடுக்கும், அதே படம் அங்க ஏறுச்சுன்னா புடிச்சு நிறுத்துவாங்க. பதினெட்டு வயசுக்கு மேல இருக்கணும், அந்த படம் உங்க கையிலயும் இருக்கணும். தனியா வாட்ஸ்அப்ல ஒருத்தருக்கு அனுப்புறத இது தடுக்காது. ஏற்கனவே வெளிய வந்துருச்சுன்னா அந்தந்த ஆப்ல இருக்குற குறைதீர் அதிகாரிக்கு புகார் பண்ணுங்க, நிர்வாணப் படம்னு பாதிக்கப்பட்டவங்களே புகார் குடுத்தா 24 மணி நேரத்துக்குள்ள எடுக்கணும்னு 2021 ஐடி விதிகள்ல போட்டாங்க, 2026 பிப்ரவரில அத 2 மணி நேரமா கொறைச்சுட்டாங்க. சென்னை ஹைகோர்ட் 2025 ஜூலைல ஒரு பெண் வக்கீலோட வழக்குல அவங்க வீடியோவ 48 மணி நேரத்துல எல்லா எடத்துல இருந்தும் எடுக்க மத்திய அரசுக்கே உத்தரவு போட்டுச்சு. அவங்க கல்லூரி காலத்துல பழகுன ஆளுதான் அத ரகசியமா எடுத்து வச்சிருந்தது.

இனி சட்டம். ரொம்ப பேர அடக்கி வச்சிருக்குற பொய் ஒண்ணு இருக்கு, "உன்னையும்தான் போலீஸ் உள்ள தள்ளும்." தள்ளாது. தகாத உறவுன்னு சொல்லி தண்டிக்கிற பழைய இந்திய தண்டனைச் சட்டத்தோட 497-வது பிரிவ சுப்ரீம் கோர்ட் 2018 செப்டம்பர் 27-லயே ரத்து பண்ணிருச்சு. விவாகரத்துக்கு அது ஒரு காரணமா இருக்கும், அத மறைக்க மாட்டேன், ஆனா குற்றம் கெடையாது. குற்றம் பண்றது மிரட்டுற ஆளு. 2024 ஜூலை 1-ல இருந்து அந்த பழைய சட்டத்துக்கு பதிலா நடப்புல இருக்குற பாரதிய நியாய சன்ஹிதால மிரட்டி பணம் பறிக்கிறதுக்கு 308-வது பிரிவு, ஏழு வருஷம் வரைக்கும் ஜெயில். உடம்புக்கு மட்டும் இல்ல, மானத்துக்கு கெடுதல் பண்ணுவேன்னு பயமுறுத்துனாலும் அதுல வரும். மிரட்டலுக்கு 351, அதுலயே ஒரு பொண்ணோட நடத்தைய தப்பா பேசிருவேன்னு மிரட்டுனா அதுவும் ஏழு வருஷம் வரைக்கும். பின்னாடியே சுத்துறது, திரும்ப திரும்ப மெசேஜ் போடுறது 78. அந்தரங்க படத்துக்கு 77, இதுல முக்கியமா ஒண்ண சொல்லணும், படம் எடுக்கறப்ப நீங்க சம்மதிச்சிருந்தாலும் அத அடுத்தவங்களுக்கு அனுப்ப சம்மதிக்கலன்னா அனுப்புனது குற்றம்தான்னு அந்த பிரிவே சொல்லுது. "நீதானே அனுப்புன"ன்னு ஸ்டேஷன்ல யாராவது கேட்டா இத சொல்லுங்க. 77ம் 78ம் பொம்பளைங்களுக்கு மட்டும், ஆம்பளைங்க 308, 351, ஐடி சட்டத்துல 66இ (அந்தரங்க படத்த சம்மதமில்லாம எடுக்கறது, பரப்புறது), 67ஏ (பாலியல் காட்சிய நெட்ல அனுப்புறது) இத வச்சு போகணும், 67ஏல அஞ்சு வருஷமும் பத்து லட்சம் அபராதமும் வரைக்கும் இருக்கு. இதெல்லாம் ஏட்டுலதான் இருக்குன்னு நெனக்காதீங்க, மேற்கு வங்கத்துல 2018-ல பழைய காதலியோட படத்த நெட்ல ஏத்துன ஒருத்தருக்கு அஞ்சு வருஷம் போட்டாங்க. நம்ம பொள்ளாச்சி வழக்கு காதல் விவகாரம் இல்ல, கும்பலா பண்ண கொடுமை, ஆனா வீடியோவ வச்சு மிரட்டுனதுதான் அதோட முதுகெலும்பு. எட்டு பொண்ணுங்க கோர்ட்ல வந்து சொன்னாங்க, ஒரு சாட்சி கூட பிறழல, 2025 மே 13 அன்னைக்கு ஒம்பது பேருக்கும் சாகுற வரைக்கும் ஆயுள் குடுத்தாங்க. அந்த பொண்ணுங்களுக்கு என்ன தைரியம் இருந்திருக்கணும்!

புகார் எங்க குடுக்கறதுன்னா, சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் சைட்ல குடுக்கலாம், பெண்கள் குழந்தைகள் சம்பந்தப்பட்டதுக்கு பேர் சொல்லாமலும் குடுக்க வழி இருக்கு, ஆனா மிரட்டுறத நிறுத்தணும்னா பேரோட குடுக்கறதுதான் நல்லது. பணம் போயிருந்தா 1930-க்கு, அதான் சைபர் கிரைம் உதவி எண், உடனே அடிங்க. நேர்ல போறதா இருந்தா மாவட்ட சைபர் கிரைம் ஸ்டேஷன், இல்ல அனைத்து மகளிர் காவல் நிலையம். இது எங்க எல்லைல வராதுன்னு அனுப்புனா ஜீரோ எஃப்.ஐ.ஆர் கேளுங்க, அதாவது எந்த ஸ்டேஷன்லயும் வழக்கு பதியலாம், அப்புறம் அவங்களே சரியான எல்லைக்கு மாத்துவாங்க. சி.எஸ்.ஆர் ரசீது (புகார வாங்கிக்கிட்டோம்னு ஸ்டேஷன்ல குடுக்குற ரசீது) இல்லாம ஸ்டேஷன விட்டு வெளிய வராதீங்க. வாங்கவே மாட்டேன்னா எஸ்.பி.க்கு ரிஜிஸ்டர் தபால், அதுக்கும் நடக்கலன்னா வக்கீல் மூலமா மாஜிஸ்ட்ரேட்.

புகார் மனு ஒன்றரை பக்கத்துக்கு மேல வேணாம். ஆனா அதுல பொய் இருக்கக் கூடாது, இத நான் கெஞ்சி கேக்குறேன். எங்க பொண்ணு மொத மனுல "நட்பாத்தான் பழகினோம்"னு எழுதிட்டா, வக்கீலம்மா பாத்துட்டு கிழிச்சு போட்டாங்க. "அவன் பக்கத்து வக்கீல் உன் சாட்ட எடுத்து காட்டுனா அந்த ஒரு வரியால நீ சொன்ன மத்ததும் பொய்யாயிரும்மா"ன்னாங்க. "இன்ன வருஷத்துல இருந்து இன்ன மாசம் வரை அவருடன் எனக்கு உறவு இருந்தது, நானே முடித்துக்கொண்டேன்"னு ஒரு வரில எழுதிட்டு மிரட்டலுக்கு வந்துரணும். மிரட்டலுக்கு பயந்து படுக்க வேண்டி வந்திருந்தா அதையும் எழுதணும், அதுதான் ரொம்ப கஷ்டம், ஆனா விடக்கூடாது. வெத்து செக்குலயோ புரோநோட்டுலயோ கையெழுத்து போட்டு குடுத்திருந்தா அத மொதல் நாளே வக்கீல்கிட்ட சொல்லிருங்க, செக் பவுன்ஸ் நோட்டீஸ் வந்தப்புறம் சொல்றது லேட்டு. அப்புறம், விசாரணை அதிகாரிகிட்ட எந்த நம்பருக்கு எந்த நேரத்துல கூப்பிடணும்னு எழுதியே குடுத்துருங்க, இல்லன்னா வீட்டு நம்பருக்கு போன் வரும்.

வீட்டுல சொல்றதா வேணாமாங்கறத நான் முடிவு பண்ண முடியாது. ஆனா கேஸ்னு போனா என்னைக்காவது தெரிய வரும், அதுனால மிரட்டுற ஆளு சொல்றதுக்கு முன்னாடி நீங்க சொல்றது மேல். பிள்ளைங்க இல்லாத நேரமா, நம்புற பெரியவங்க ஒருத்தர் பக்கத்துல இருக்க, சுருக்கமா, முடிஞ்சு போச்சுன்னும் இப்ப மிரட்டுறாங்கன்னும் சொல்லுங்க. அன்னைக்கே மன்னிப்பு கிடைக்கும்னு எதிர்பாக்காதீங்க. கை நீட்டுற புருஷனா இருந்தா தனியா இருக்கறப்ப சொல்லவே சொல்லாதீங்க, 181 பெண்கள் உதவி எண்ல பேசி, தங்குறதுக்கு எடம் ஏற்பாடு பண்ணிட்டு அப்புறம். உயிர விட்டுரலாம்னு தோணுனா அந்த நிமிஷமே 14416 மனநல உதவி எண்ணுக்கோ 104-க்கோ அடிங்க, ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் எடுப்பாங்க.

டேவிட் லெட்டர்மேன்னு அமெரிக்க டிவில பெரிய ஆளு, தன்கிட்ட வேலை பாத்த பெண்களோட வச்சிருந்த உறவ வெளிய சொல்லிருவேன்னு 2009-ல ஒருத்தன் இருபது லட்சம் டாலர் கேட்டான். அவரு நேரா அரசு வக்கீல் ஆபீஸுக்கு போனாரு, அவங்க சொன்னபடி ஒரு போலி செக்க குடுத்து ஆள புடிக்க வச்சாரு, அப்புறம் தன் நிகழ்ச்சிலயே ஊரு முன்னாடி நடந்தத ஒத்துக்கிட்டாரு. மிரட்டுனவன் ஜெயிலுக்கு போனான். நம்ம யாரும் டிவில சொல்ல வேண்டியதில்ல, ஸ்டேஷன்ல ஒரு பொம்பள எஸ்.ஐ. முன்னாடி சொன்னா போதும்.

புகார் குடுத்ததும் எல்லாம் தலகீழா மாறும், இதுக்கு யாருமே தயாரா இருக்கறதில்ல. நேத்து வரைக்கும் மிரட்டுனவரு இன்னைக்கு அழுவாரு, அவங்க அம்மா வந்து கால்ல விழுவாங்க, "அவன் பொண்டாட்டி மாசமா இருக்கா"ன்னு சொல்லுவாங்க. அதே சமயம் உங்க பக்கத்து ஆளுங்களுக்கு ரத்தம் கொதிக்கும். எங்க பொண்ணோட தம்பி கேட்டான், "அவன் பொண்டாட்டி நம்பர் இருக்கு, மூணு லட்சம் குடுக்கலன்னா அவளுக்கு எல்லாத்தையும் அனுப்பிருவேன்னு சொல்லட்டுமாக்கா?" நான் அவன் போன புடுங்கி வச்சேன். அவன் பண்ண இருந்ததும் அதே 308தான், அத பண்ணியிருந்தா மறுநாளே எதிர் புகார் வந்திருக்கும். போன காசு திரும்ப வேணும்னா யுடிஆர் நம்பரோட மனுல எழுதி கேளுங்க, நேர்ல கேக்காதீங்க. சமாதானத்துக்கு வந்தாலும் ஸ்டேஷன்ல, வக்கீல் கூட இருக்க மட்டும் பேசுங்க. எஃப்.ஐ.ஆர் போட்டப்புறம் நாம வாபஸ்னு எழுதி குடுத்தா மட்டும் முடியாது, ஹைகோர்ட் வரைக்கும் போகணும், அதுனால பாவம் பாத்து வெத்து பேப்பர்ல கையெழுத்து போட்டு குடுத்துராதீங்க.

அந்த போன மட்டும் கேஸ் முடியுற வரைக்கும் விக்காதீங்க, ரீசெட் பண்ணாதீங்க, எக்சேஞ்ச்ல போடாதீங்க. ஸ்கிரீன்ஷாட்ட கோர்ட் ஏத்துக்கணும்னா பாரதிய சாட்சிய சட்டத்துல (புது சாட்சியச் சட்டம்) 63-வது பிரிவு சர்டிபிகேட், அதாவது டிஜிட்டல் ஆதாரம் எந்த போன்ல இருந்து எப்படி எடுத்ததுன்னு சொல்ற சான்று, வேணும், அதுக்கு ஒரிஜினல் போன் இருக்கறது நல்லது. போலீஸ் வாங்கிக்கிட்டா மாடல், ஐஎம்இஐ நம்பர் போட்டு ரசீது வாங்குங்க. எங்க பொண்ணோட போன் வீட்டுல இருந்தா பிள்ளைங்க எடுத்து வெளையாடும்னு என்கிட்ட குடுத்து வச்சா, சுவிட்ச் ஆஃப் பண்ணி, துணில சுத்தி, எங்க பீரோ லாக்கர்ல சாவி போட்டு இருக்கு.