விரல் நுனி காய்ந்துபோன உடலை மீட்ட விதம்

டிசெக்ஷன் ஹாலில் (மாணவர்கள் உடற்கூறு படிக்கும் கூடம்) பதப்படுத்தி வைத்திருந்த சடலத்தில், இரண்டு மாதத்தில் விரல் நுனி, உதடு, காது மடல் மூன்றும் கறுத்துப் பதனிட்ட தோல் போல இறுகின. பதப்படுத்தச் சேர்க்கும் ஃபார்மலின் (ஃபார்மால்டிஹைடு கரைசல்) புரதங்களைப் பிணைத்து இறுக்குகிறது, மின்விசிறிக் காற்று மிச்ச ஈரத்தையும் இழுத்துவிடுகிறது. உடலுக்குள் செலுத்திய எங்கள் கலவையில், ஈரத்தைப் பிடித்து வைக்கும் கிளிசரின் போதவில்லை.

அடுத்த உடலுக்கு 10 லிட்டர் கலவை இப்படி: ஃபார்மலின் 1 லிட்டர், கிளிசரின் 1.5 லிட்டர், ஸ்பிரிட் (ஆல்கஹால்) 2 லிட்டர், கிருமிநாசினியான பீனால் அரை லிட்டர், மீதி தண்ணீர். கிளிசரின் பிசுபிசுப்பானது. வெதுவெதுப்பான தண்ணீரில் முதலில் கரைத்த பிறகே மற்றவை; அப்படியே ஊற்றினால் நுண்ணிய இரத்தக் குழாய்களுக்குள் போகாது. தொடைத் தமனி வழியாக மெதுவாகச் செலுத்தவும், அவசரமே கூடாது. அதற்காக கிளிசரினை அள்ளி ஊற்றவும் வேண்டாம்: அளவு மீறினால் குழாயிலேயே தங்கி, திசுவின் நீரை ஊடுபரவலால் உறிஞ்சிவிடும்.

ஏற்கெனவே காய்ந்த உடலுக்கு வெளிப்பூச்சாக: 10 லிட்டர் தண்ணீர், 1 லிட்டர் கிளிசரின், 100 மில்லி ஃபீனாக்ஸி எத்தனால். பருத்தித் துணியை நனைத்துக் கை கால்களில் சுற்றி, மேலே பாலிதீன் உறை. பூஞ்சையைத் தடுப்பது ஃபீனாக்ஸி எத்தனால்தான், அதை விட்டுவிடாதீர்கள். ஒரு வாரத்தில் விரல்கள் மடங்கின. முழுக்க இறுகிய உதடு மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பீனால் தோலைச் சுடும். கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.