மாஸ்டடானில் சர்வர் தேர்வும் வேண்டாத பதிவுகளும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாஸ்டடான் என்பது தனித்தனி ஆட்களும் குழுக்களும் நடத்தும் பல சர்வர்கள் இணைந்து இயங்கும் சமூக வலைத்தளம். அதில் புதிதாகச் சேரும் பலர், பட்டியலில் முதலில் கண்ணில் படும் பெரிய சர்வரிலேயே கணக்கைத் தொடங்கிவிடுகிறார்கள். எங்கே இருந்தாலும் எல்லோரையும் பின்தொடரலாமே என்பது அவர்கள் சொல்லும் காரணம். 2018 ஜனவரியில் வைய விரிவலைக் கூட்டமைப்பு பரிந்துரைத்த ஆக்டிவிட்டிபப் நெறிமுறை சர்வர்களை இணைத்துவைப்பதால், அதில் பாதி உண்மை உண்டு. ஆனால் எந்தப் பேச்சுக்கு இடமுண்டு, நீங்கள் அனுப்பும் புகாரை யார் படிப்பார், எந்தப் பிற சர்வர்களோடு தொடர்பே வேண்டாம் என்பவற்றை உங்கள் சர்வரை நடத்துபவரே முடிவு செய்கிறார். ஆகவே சர்வரைத் தேர்ந்தெடுக்கும்போது நீங்கள் உண்மையில் தேர்ந்தெடுப்பது ஒரு மட்டுறுத்துநரை, அதாவது பதிவுகளைக் கண்காணித்து விதிகளைச் செயல்படுத்துபவரை.

சர்வரின் அறிமுகப் பக்கத்தைப் படிக்காமல் சேர்வதுதான் பின்னர் வரும் மனக்கசப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு வித்து. விதிகளும் நிர்வாகியின் பெயரும் அங்கேயே இருக்கும். தடுக்கப்பட்ட சர்வர்களின் பட்டியலையும் பலர் அங்கே வெளியிடுகிறார்கள். ‘மரியாதையாகப் பேசுங்கள்’ என்ற ஒற்றை வரியை மட்டும் விதியாக வைத்திருக்கும் இடத்தில், நெருக்கடி வரும்போது எதை வைத்துத் தீர்ப்புச் சொல்வார்கள்? மாஸ்டடான் திட்டம் தன் தளத்தில் பட்டியலிடும் சர்வர்களுக்கு 2019 முதல் ஓர் உடன்படிக்கை வைத்திருக்கிறது: வெறுப்புப் பேச்சை முனைந்து மட்டுறுத்த வேண்டும், நாள்தோறும் காப்புநகல் எடுக்க வேண்டும், அவசரத்தில் சர்வரை அணுக இன்னொருவரும் இருக்க வேண்டும், மூடுவதானால் மூன்று மாதம் முன்பே அறிவிக்க வேண்டும். பட்டியலில் இல்லாத சர்வரையும் இதே அளவுகோலால் எடைபோடலாம்.

பிடிக்காவிட்டால் மாறிக்கொள்ளலாம் என்ற நினைப்பிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. கணக்கை இடம் மாற்றினால் பின்தொடர்பவர்கள் உடன் வருவார்கள், பழைய பதிவுகள் வரமாட்டா. பழைய சர்வர் இயங்கிக்கொண்டிருந்தால்தான் அந்த மாற்றமும் நடக்கும். ஆஃப்கானிஸ்தானுக்குரிய இணைய முகவரிப் பின்னொட்டில் (.af) இயங்கிய ஒரு சர்வர் 2024 பிப்ரவரியில் தன் முகவரியையே இழந்தது. தாங்கள் பின்தொடர்பவர்களின் பட்டியலையும் தடுப்புப் பட்டியலையும் அவ்வப்போது தரவிறக்கி வைக்காதவர்களுக்கு அப்படிப்பட்ட நாளில் கையில் எதுவும் மிஞ்சாது.

வேண்டாத பதிவு எதிரே வரும்போது செய்யும் முதல் தவறு, அதைக் கண்டிப்பதற்காகவே மறுபகிர்வு செய்வது. நம்மைப் பின்தொடர்பவர்களுக்கு நாமே அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். குறிப்பிட்ட சொல் உள்ள பதிவுகளை மறைக்கும் சொல் வடிகட்டியைப் பயன்படுத்துவது மேல். ஆனால் தமிழில் அதற்கு ஒரு நுணுக்கம் தேவை. ‘தேர்தல்’ என்று இட்டால் ‘தேர்தலில்’ சிக்காது, ‘போராட்டம்’ என்று இட்டால் ‘போராட்டத்தை’ நழுவிவிடும். முழுச்சொல் என்ற தெரிவை நீக்கிவிட்டு, ‘தேர்தல’, ‘போராட்ட’ என்று புள்ளியும் ஈறும் இல்லாமல் இட வேண்டும். எழுத்துப்பிழை போலத் தோன்றினாலும் வேலை செய்வது அதுதான்.

ஒருவருக்காக அவருடைய சர்வர் முழுவதையும் தடுப்பதும் அவசரச் செயலே. அங்கிருந்து உங்களைப் பின்தொடரும் மற்றவர்களும் அதோடு நீக்கப்படுவார்கள். சர்வர் முழுவதும் தொல்லையாக இருந்தால் மட்டுமே அது பொருந்தும். தனி ஆள் சலிப்பூட்டினால் அவர் பதிவுகள் உங்கள் கண்ணில் படாதபடி ஒலியடக்குங்கள் (மியூட்), துன்புறுத்தினால் தடுங்கள். புகார் செய்யாமல் தடுத்துவிட்டு ஒதுங்குவோரும் உண்டு. அந்த ஆள் அடுத்தவரைத் தேடிப் போவார் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. புகாரில் உரிய பதிவுகளைத் தேர்ந்து இணைத்து, எந்த விதி மீறப்பட்டது என்று ஒரு வரி எழுதினால் மட்டுறுத்துநருக்கு வேலை எளிது; அவர் பெரும்பாலும் ஊதியமில்லாமல் இதைப் பார்ப்பவர். பதிவிட்டவர் வேறு சர்வரில் இருந்தால், அந்த சர்வருக்கும் அனுப்பும் தெரிவு புகார்ப் படிவத்திலேயே இருக்கிறது. அதை விட்டுவிட்டால் புகார் உங்கள் சர்வரோடு நின்றுவிடும்.

இன்னொன்று, பலரைத் தர்மசங்கடத்தில் ஆழ்த்தியது. தொல்லை தருபவரைப் பற்றி நண்பருக்குத் தனிச்செய்தி எழுதும்போது, தொல்லை தருபவரின் கணக்கு முகவரியை முழுமையாகக் குறிப்பிட்டால் அச்செய்தி அவருக்கும் போய்ச் சேரும். மாஸ்டடானின் தனிச்செய்தி என்பது குறிப்பிடப்பட்ட அனைவரும் காணும் பதிவுதான்; அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கக்கூடிய முழு மறையாக்கமும் இல்லாததால் சர்வர் நிர்வாகி விரும்பினால் அதைப் படிக்கவும் முடியும். அத்தகைய பேச்சை மறையாக்கம் உள்ள வேறு செயலியில் வைத்துக்கொள்வதே முறை.