சாலை இருந்த இடத்தில் மர நிழல்: குவாங்வாமுன் சதுக்கத்துக்கு எப்படிப் போவது, எப்படிப் பார்ப்பது

தென் கொரியத் தலைநகர் சியோலுக்கு வரும் நம் ஊர்க்காரர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "வயசான அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறோம், எங்கே போகலாம்?" என்பதுதான். குவாங்வாமுன் சதுக்கம் என்று உடனே சொல்லிவிடுவேன். சில வருடங்களுக்கு முன்னால் கேட்டிருந்தால் இந்தப் பதிலைச் சொல்லியிருக்க மாட்டேன்.

2016இல் என் அம்மா பாளையங்கோட்டையிலிருந்து முதல்முறை வந்தாள். அவளுக்கு இரண்டு முழங்காலிலும் வலி. அப்போது இந்தச் சதுக்கம் நடுச்சாலையில் கிடந்த ஒரு தீவு. இரண்டு பக்கமும் பேருந்தும் காரும் ஓயாமல் ஓடும். சிக்னலில் பச்சை விழுந்து, அந்த அகலத்தைக் கடப்பதற்குள் விநாடி எண்ணிக்கை தீர்ந்துகொண்டே வரும். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, இந்த ரோட்டைத் தாண்டதுக்குள்ள உசிரு போயிரும் போலுக்கு" என்றாள். உள்ளே போய்ச் சேர்ந்தால் உட்கார நிழல் இல்லை. சிலைகளைப் பார்த்துவிட்டுப் பத்தே நிமிடத்தில் திரும்பிவிட்டோம்.

கொரியாவை முன்பு ஆண்ட ஜோசன் அரசு காலத்தில் ஆறு அமைச்சகங்கள் வரிசையாக நின்ற தெரு இது. நவீன காலத்தில் 16 வழிச் சாலையாக விரிந்தது. 2009இல் அதன் நடுவில் முதல் சதுக்கத்தைத் திறந்தார்கள். சாலைக்கு நடுவே அமைந்ததால், உலகத்திலேயே பெரிய மீடியன் (சாலை நடுத்திட்டு) என்று சியோல்காரர்களே குறைபட்டுக்கொண்டார்கள். பிறகு மேற்குப் பக்கச் சாலையை முழுவதுமாக மூடி, அந்த இடத்தை நடைபாதையோடு சேர்த்து, சுமார் 5,000 மரங்களை நட்டு, 2022 ஆகஸ்ட் 6 அன்று மறுபடி திறந்தார்கள். 35 மீட்டராக இருந்த அகலம் 60 மீட்டரானது. வண்டிகள் இப்போது கிழக்குப் பக்கத்தில் மட்டும்தான் இரு திசையிலும் ஓடுகின்றன. மேற்கே சேஜோங் கலை மையத்தின் படிக்கட்டில் இறங்கினால் ஒரு சிக்னலும் கடக்காமல் நேரே மரத்தடிக்கு வந்துவிடலாம். எங்களைப் போன்றவர்களுக்கு இதுதான் பெரிய வரம்.

சரி, போகும் வழி. மெட்ரோ 5ஆம் தடத்தில் குவாங்வாமுன் நிலையத்தில் இறங்குங்கள். விமான நிலைய ரயிலில் வந்தால் கொங்தொக் நிலையத்தில் 5ஆம் தடத்துக்கு மாறலாம். நிலையத்துக்குள் 9ஆம் எண் வாயில் என்ற பலகையைப் பின்தொடருங்கள். மேலே வந்து சாலையைக் கடக்கும் வேலையே இல்லை, சுரங்க வழி நேரே சதுக்கத்துக்கு இட்டுச்செல்லும். பயணத்துக்கு டி-மணி அட்டை வாங்கிப் பணம் ஏற்றிக்கொண்டால் மெட்ரோ, பேருந்து இரண்டுக்கும் ஆகும். கையில் நேவர் மேப் செயலி இருக்கட்டும். கொரியாவில் நடந்து போகும் வழி கேட்பதற்கு அதைத்தான் நம்பலாம். கழிப்பறை மெட்ரோ நிலையத்திலேயே இருக்கிறது. சுத்தமாக இருக்கும், காசு கிடையாது. மேலே வருவதற்கு முன் பெரியவர்களை அங்கே ஒருமுறை போய்வரச் சொல்லிவிடுங்கள்.

எந்த நேரம்? அக்டோபர் என்றால் மாலை நான்கு மணி. ஜூன் என்றால் ஆறரைக்கு முன் போக வேண்டாம், எட்டு மணி வரை வெளிச்சம் இருக்கும். ஜூன் கடைசியிலிருந்து ஒரு மாதம் மழைக்காலம். ஆகஸ்ட் புழுக்கம் திருநெல்வேலிக்காரர்களையே தவிக்க வைக்கும். ஜனவரியில் காற்று முகத்தில் அறையும், மரங்களும் மொட்டையாக நிற்கும். என்னைக் கேட்டால் அக்டோபர்தான். வார இறுதியில் பக்கத்துச் சாலைகளில் பேரணி நடக்கலாம். ஒலிபெருக்கிச் சத்தம் பெரியவர்களுக்கு ஆகாது என்றால் வாரநாளில் போங்கள். ஆனால் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் வார இறுதிகளில் திறந்தவெளி நூலகம் நடத்துகிறார்கள். மெத்தை இருக்கைகளைப் போட்டு, பெட்டி பெட்டியாகப் புத்தகம் வைத்திருப்பார்கள். வாசிக்கிற பிள்ளைகள் இருந்தால் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு அன்றைக்கே போகலாம்.

தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நடங்கள். அப்படி நடந்தால்தான் க்யோங்பொக்குங் அரண்மனை வாசலும் அதற்குப் பின்னால் புகாக் மலையும் கண்ணெதிரே மெல்ல மெல்லப் பெரிதாகிக்கொண்டே வரும்.

தெற்கு முனையில் நிற்பது தளபதி இ சுன்-சின். சிலை 1968இல் வைத்தது, பீடத்தோடு சேர்த்து 17 மீட்டர் உயரம். 1597இல் மியோங்னியாங் நீரிணையில் 13 கப்பல்களை வைத்துக்கொண்டு நூற்றுக்கு மேற்பட்ட ஜப்பானியக் கப்பல்களை விரட்டியவர். அவர் காலடியில் இருக்கும் நீரூற்றுக்கு அந்தப் போரின் பெயர்தான். கோடையில் தரையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்கும், குழந்தைகள் உள்ளே ஓடிவிடுவார்கள். பிடித்து நிறுத்தாதீர்கள். ஆனால் மாற்றுத்துணியும் துண்டும் எடுத்துப் போங்கள். 2022 கோடையில் இது தெரியாமல் போய், சொட்டச் சொட்ட நனைந்த என் மகனை மெட்ரோ ஏசியில் சுவோன் நகரம் வரை நடுங்க நடுங்கக் கூட்டிவந்தேன்.

அங்கிருந்து வடக்கே போங்கள். சிறிய வாய்க்கால் ஒன்று கூடவே வரும். அதன் கற்களில் ஜோசன் அரசு பிறந்த 1392இலிருந்து தொடங்கி ஆண்டு வாரியாக வரலாற்றைச் செதுக்கியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. அம்மா தன் பிறந்த வருடத்தைத் தேடினாள், நான் என் கல்யாண வருடத்தைத் தேடினேன். அதற்கே கால் மணி நேரம் போய்விட்டது.

அப்புறம் அரசர் சேஜோங். கையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். இந்தச் சிலைக்கு முன்னால் நான் எப்போதும் கொஞ்சம் அதிக நேரம் நிற்பேன். படிக்காத குடிமகனும் எழுதப் படிக்க வேண்டும் என்று 28 எழுத்துகளை உருவாக்கி 1446இல் ஊருக்கு அறிவித்தவர் இவர். நாம் உயிரெழுத்து, மெய்யெழுத்து என்கிறோம். கொரிய மொழியில் அவற்றின் பெயர்கள் 'தாய் ஒலி', 'சேய் ஒலி' என்று பொருள்படும். இதைச் சொன்னதும் அம்மா அண்ணாந்து அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வருடம் ஒன்றாம் வகுப்புக்கு 'அ' சொல்லிக்கொடுத்தவள் அவள். சிலைக்குப் பின்புறம் கீழே போகும் கதவு ஒன்று உண்டு. சேஜோங்கைப் பற்றிய கண்காட்சி அங்கே நடக்கிறது, கட்டணம் இல்லை, திங்கள் விடுமுறை. வெயிலோ குளிரோ தாங்கவில்லை என்றால் உள்ளே போய்விடுங்கள். சதுக்கத்தில் பல இடங்களில் அந்த 28 எழுத்துகளையும் ஒளித்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லிவிட்டால் பெரியவர்கள் நிம்மதியாக உட்காரலாம்.

உட்காருவதற்கு நான் சொல்லும் இடம், கலை மையத்தை ஒட்டிய மரக்கூட்டம். முன்பு வண்டிகள் ஓடிய அதே இடம். 2023 அக்டோபர் கடைசியில் அம்மாவைக் கூட்டிவந்தபோது முக்கால் மணி நேரம் அங்கேயே இருந்தோம். கொரியப் பாட்டிகள் இரண்டு பேர் நகர்ந்து இடம் கொடுத்து, அம்மாவின் சேலையைத் தொட்டுப் பார்த்தார்கள். மொழி தெரியாது, ஆனால் மூன்று பேரும் முழங்காலைக் காட்டிச் சிரித்துக்கொண்டார்கள். 2016இல் அம்மா மூச்சு வாங்க நின்ற இடம் அங்கிருந்து நாலடி தூரத்தில்தான் இருந்தது.

இன்னும் வடக்கே, சாலையைத் தோண்டியபோது கிடைத்த சாஹொன்பு என்ற பழைய கண்காணிப்பு அலுவலகத்தின் எச்சங்களைக் கூரை போட்டுக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் புல்வெளி. இந்தச் சதுக்கம் மகிழ்ச்சிக்கான இடம் மட்டுமல்ல. 2014இல் செவோல் கப்பல் மூழ்கிப் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர்களின் கூடாரங்கள் 2019 வரை இங்கேதான் இருந்தன. முதல்முறை வந்தபோது அம்மா அங்கிருந்த படங்களின் முன் கும்பிட்டுவிட்டுத்தான் நகர்ந்தாள். பிள்ளைகளிடம் அந்தக் கதையையும் சொல்லுங்கள்.

குவாங்வாமுன் என்பது அரண்மனையின் முதன்மை வாசலின் பெயர். அதற்கும் சதுக்கத்துக்கும் நடுவே இன்னும் ஒரு சாலை இருக்கிறது. அங்கே மட்டும் சிக்னல் கடக்க வேண்டும், அவசரப்படாமல் அடுத்த பச்சைக்குக் காத்திருங்கள். வாசல் முன்னால் இருக்கும் கல்மேடை ஜப்பானியக் காலனிக் காலத்தில் டிராம் தண்டவாளத்துக்காக அழிந்துபோய், சுமார் நூறு ஆண்டுகளுக்குப் பிறகு 2023 அக்டோபரில் மீண்டது. அரண்மனைக்குள் போவதை வேறு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய் விடுமுறை, காவலர் மாறும் சடங்கு காலை 10 மணிக்கும் மதியம் 2 மணிக்கும். இரண்டையும் ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் பெரியவர்கள் களைத்துவிடுவார்கள்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. கிம்ச்சி என்ற கொரிய ஊறுகாயில் பெரும்பாலும் மீனோ இறாலோ ஊறிய சாறு சேர்ந்திருக்கும். காய்கறி கலந்த சோறான பிபிம்பாப் கேட்டால் இறைச்சியும் முட்டையும் வேண்டாம் என்பதைக் கொரிய மொழியில் எழுதிக் காட்டுங்கள். நான் வீட்டிலிருந்தே புளியோதரை கட்டிக்கொண்டு வந்துவிடுவேன். சாப்பிட்ட காகிதம், டப்பா எல்லாவற்றையும் பையில் போட்டு வீட்டுக்கே எடுத்து வாருங்கள்.

இருட்டும் வரை இருங்கள். வாசலில் விளக்கு ஏறியதும் புதிய பெயர்ப்பலகையில் கறுப்பின் மேல் தங்க எழுத்து தெரியும். கிழக்குப் பக்கம் இருக்கும் தற்கால வரலாற்று அருங்காட்சியகத்தின் மாடித் தோட்டத்திலிருந்து அரண்மனை முழுவதும் தெரியும், அதற்கும் கட்டணம் இல்லை. ஆனால் மூடுவதற்கு முன்பே ஏறிவிட வேண்டும்.

திரும்பும்போது வந்த வழியே நடக்க வேண்டாம். வாசலிலிருந்து மேற்கே சில நிமிடத்தில் 3ஆம் தடத்தின் க்யோங்பொக்குங் நிலையம் வந்துவிடும். லிஃப்ட் எந்தப் பக்கம் என்று நேவர் மேப்பில் பார்த்துக்கொண்டு போங்கள்.